முழுப்பேர்

அப்பா பேரில் கணக்குத் திறக்க
ஹட்டன் வங்கியில் படிவம் நிரப்பிய பிள்ளை
'நிரந்தர விலாசம்' என்ற கட்டத்தில்
பேனாவை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள்.

மூன்று வார லீவில் வந்திருக்கிறேன்.
பாரீஸ் விலாசம் தூக்கத்தில் கேட்டாலும் வரும்:
தெரு, இலக்கம், ஆறாம் மாடி,
வாசற்கதவு திறக்கும் நான்கு இலக்கம்.
இங்கே?
"கிளென்பர்ன் தோட்டம், மேல் டிவிசன்" என்றேன்.
"வீட்டு நம்பர்?"
டெங்கு பார்க்க வந்தவர்கள்
கதவு நிலையில் சிவப்பாய்க் கிறுக்கிவிட்டுப் போன
பதினேழு ஞாபகம் வந்தது. சொன்னேன்.
"அது செல்லாது மிஸ்."

அங்கே என் அறை
லயத்துக் காம்பராவைவிட ஒரு பாய் அளவு சிறிசு.
கூரைச் சரிவில் நின்றபடி தலை சீவ முடியாது.
இருட்டோடு முதல் ரயில்.
நாளைக்குப் பதினாறு அறை,
ஹோட்டல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்ற வேண்டும்.
பதினைந்தில் நின்றால்
மேற்பார்வைக்காரி ஒன்றும் சொல்லமாட்டாள், பார்ப்பாள்.
அந்தப் பார்வை எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்.

லா ஷப்பல் கடையில்
கறிவேப்பிலை நிறுக்கிறவர் கேட்பார்:
"தங்கச்சிக்கு எந்த ஊர்?"
"மஸ்கெலியா."
"ஓ... தோட்டமோ."
மிச்சச் சில்லறையோடு அதையும்
எண்ணிப் பையில் போட்டுக்கொள்வேன்.

ஆனாலும் கீழே, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்
முப்பது தகரப் பெட்டிகளில் ஒன்றில்
பேர் ஒட்டியிருக்கிறது.
அமிர்தவல்லிக்கு அதில் இடம் போதவில்லை.
முனியாண்டி மட்டும்.
தபால்காரி "மதாம் முனியாண்டி" என்று கூப்பிட்டால்
பின்னால் அப்பா நிற்கிற மாதிரித்
திரும்பிப் பார்க்கிறேன்.

நாற்பத்தொரு வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்.
மழை இறங்கினால், பெரட்டுக்குப் பிந்தினால்,
நிறை குறைந்தால்
கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார்.
அவருக்கு வந்த கடுதாசிகள்
ஆபீஸ் ஜன்னலில் யாரோ உடைத்து
யாரோ படித்து
ஒரு கிழமை பழசாகி
ஈரத்தோடு வந்தவை.

ராத்திரி போனில் அந்தப் பெட்டியின் படத்தைக் காட்டினேன்.
இரண்டு விரலால் பெரிசாக்கினார்.
"முழுசாப் போட்டிருக்கானா?"
"முழுசா. ஒரு எழுத்து கூடவே இருக்கு."
"என்னா வருது அதுல?"
"கரண்ட் பில்லு. பீட்சாக் கடை நோட்டீசு. வாடகை பாக்கி."
"கடனா?"
"கடன்தான்."
கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.
"ஏம் பேருல தானே வருது?
நிறுத்தாம கட்டிரு."

நான் கிளம்ப இரண்டு நாள் இருக்க
என்னோடு டவுனுக்கு பஸ் ஏறினார்.
சட்டைப்பையில் ஒட்டிய உறை.
உள்ளே என்னவென்று கேட்டதற்கு
வெளியே மலையைப் பார்த்தார்.

தபால் கந்தோரில் விலாசத்தை நான் எழுதினேன்.
பேரை அவரே எழுதினார், தமிழில்,
செடியில் எந்த வாதை விடுவது என்று பார்க்கிற நிதானத்தில்
ஒவ்வொரு எழுத்தாக.
அதன் கீழ் நான் பிரெஞ்சில்,
அந்தக் கூடுதல் எழுத்தோடு.

கந்தோர்க்காரர் உறையைத் திருப்பினார்.
"அனுப்புறவர் விலாசம்?"

நான் வாயெடுக்கும் முன்
"அதேதான்" என்றார் அப்பா,
"ரெண்டு பக்கமும் அதையே எழுது."

"போய்ச் சேராட்டி
திரும்பவும் அங்கதானே போகும், ஐயா!"

"போகட்டும்" என்று
முத்திரையை நாக்கில் நனைத்து
மூலை பிசகாமல் ஒட்டினார்.