ஒரு சாண்

அப்பாவுக்கு நாற்பத்தொன்றில்.
அத்தை மேபலுக்கு முப்பத்தாறில்.
சித்தப்பா அம்ப்ரோஸுக்கு, அவர் படகை விற்ற வருஷம்.
"எங்கள் குடும்பத்துக்கு வயிறு சரியில்லை" என்றுதான்
நியூஃபவுண்ட்லாந்தின் இந்தக் கரையில் சொல்லிக்கொள்வோம்,
சில வீடுகளுக்குக் கூரை சரியில்லை என்பதுபோல.

பிறகு செயின்ட் ஜான்ஸிலிருந்து ஒரு பெண் வந்து
ஆளுக்கு மூன்று குழாய் ரத்தம் எடுத்தாள்.
ஹெட்லிக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.
ட்ருசில்லா கை நீட்டவில்லை.
அவளுக்கு வந்த அழைப்புக் கடிதம்
தேயிலை டப்பாவுக்குப் பின்னால், ஒட்டியது ஒட்டியபடி.

மருத்துவர் நூறு பேரை வைத்துப் பேசினார்.
நூறில் இத்தனை பேருக்கு வரும், இத்தனை பேருக்கு வராது.
எங்கள் குடாவில் நூறு பேரே கிடையாது.
கேமரா விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால்?
அது சுவருக்குள் ஒளிந்து வளரும்,
கண்ணில் படும்போது நேரம் கடந்திருக்கும் என்றார்.
அப்படியானால்?
முழுவதையும் எடுத்துவிடலாம்.
'முழுவதையும்' என்ற சொல்லை மட்டும்
மேசைமேல் மெதுவாக வைத்தார்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி ஹெட்லி சமைத்தான்:
உப்புக் காட் மீன், ஊறவைத்த கட்டி ரொட்டி,
மேலே பொரித்த பன்றிக் கொழுப்பு.
இரண்டு தட்டு சாப்பிட்டேன். மூன்றாவதும் கேட்டேன்.
ட்ருசில்லா எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தாள்,
சுத்தமாக இருந்த அடுப்பை.

பதினாலு வயதிலிருந்து மீன் அறுக்கிறவள் நான்.
காட் மீனின் இரைப்பையைக் கீறினால்
உள்ளே கேப்லின்கள் கிடக்கும், சிலது இன்னும் மினுங்கும்.
என்னுடையதையும் யாரோ கீறினார்கள்.
இருநூற்று எழுபது துண்டாக்கி
ஒவ்வொன்றாய்க் கண்ணாடிக்கடியில் பார்த்தார்களாம்.
ஒன்றுமில்லை.
ஒரு புள்ளிகூட இல்லை.
நல்ல செய்தி என்றார்கள் தொலைபேசியில்.
ஆமாம் என்றேன்.
வைத்த பிறகு வெகுநேரம்
கை தானாக அங்கே போய்ப் போய் வந்தது.

நல்லதைத்தான் தூக்கிக் கொடுத்தேனா?
கேட்க ஆளில்லை.
வராத நோய்
வந்து சாட்சி சொல்லாது.

இப்போது பசிப்பதில்லை.
பசி இருந்த இடத்தில் ஒரு கடிகாரம்.
ஒரு சாண் வயிற்றுக்குத்தான் எல்லாப் பாடும் என்பார்கள்;
அந்த ஒரு சாண் போன பிறகும்
காலை நாலரைக்கு எஞ்சினைக் கிளப்ப வேண்டியிருக்கிறது.

நண்டுக் கூடையை இழுக்கும்போது அலாரம் அடிக்கும்.
ட்ருசில்லா கால் பிஸ்கட்டை நீட்டுவாள்,
முப்பது தடவை நான் மெல்வதை எண்ணுவாள்.
நேற்று இருபத்திரண்டோடு நிறுத்திவிட்டு,
"எடுக்கும்போது வலிச்சதா?" என்றாள்.
எதை, என்றேன்.
ரத்தத்தை, என்றாள்,
கூடையைப் பார்த்தபடி.