ஆறு பத்திலிருந்து ஆறு ஐம்பது வரை

படிவத்தில் மூன்றாவது வரி:
வீட்டுக்காரர் பெயர்.
கோதண்டம் என்றேன்.
என்ன வேலை செய்யறார்?
வாடகை வாங்குகிறார்.

ரெஜினா மேடம் பேனாவை மூடி வைத்தார்,
சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு.
அவர் கேட்டது யாரை என்று
எனக்கு அப்புறம்தான் உறைத்தது.
அந்த வீட்டுக்காரர் லாரியோடு நாக்பூர் போனவர்.
லாரி திரும்பி வந்துவிட்டது.

கிச்சிப்பாளையத்தில் சாமான் தெருவுக்கு வந்த அன்று
மழையெல்லாம் இல்லை, நல்ல வெயில்.
என் கிரைண்டர்மேல் யாரோ
சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கடைக்குப் போனார்கள்.

பிறகு பதினோரு ராத்திரி புது பஸ் ஸ்டாண்டில்.
கடைசி பஸ் போன பின்னும்
முதல் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பவள் மாதிரி
முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினேன்.
போலீஸ்காரர் கேட்டால் ராசிபுரம்.
மறுநாள் வேறொருவர் கேட்டால் ஆத்தூர்.
சின்னவள் மட்டும் ஒருநாள் நிஜமாகவே கேட்டாள்:
நாம எப்பம்மா ராசிபுரம் போவோம்?

சூரமங்கலத்தில் முன்பு மருந்து குடோனாயிருந்த கட்டிடம்.
ஒன்பது அறை, ஒன்பது குடும்பம்,
ஒரு சமையலறை, இரண்டு அடுப்பு.
ஆறு மாதம்தான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது:
அறை நான்கு, மாதேஸ்வரி, 6.10 – 6.50.
என் பெயருக்கென்று நாற்பது நிமிஷம்.
முதல் நாள் இருபத்திரண்டிலேயே சோறு வடித்துவிட்டு
மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
அடுப்பைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.

எனக்கு அடுத்து ஷமீம்பானு.
ஆறு நாற்பத்தெட்டுக்கு வாசலில் நிற்பாள், உள்ளே வரமாட்டாள்.
அவள் குக்கர் விசில் போடாது, இருமும்.
பெரியவனுக்குக் காய்ச்சலான வாரம்
கஞ்சிக்காகத் தன் பத்து நிமிஷத்தைத் தந்தாள்.
திருப்பிக் கேட்கவே இல்லை.

ஆதாரில் விலாசம் மாற்ற விலாசம் வேண்டும்.
விலாசத்துக்கு வீடு வேண்டும்.
வீடு கேட்டுப் போனால் ஆதாரைக் காட்டு என்கிறார்கள்.
மேடம் ஒரு ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி
அந்த வட்டத்தின் நடுவில் குத்தினார்.
பெரியவனுக்கு ஏழாம் வகுப்பில் இடம்.
எனக்கு ஜவ்வரிசி மில்லில் வேலை.
சனிக்கிழமை சனிக்கிழமை முந்நூறு ரூபாய்
அவர் பீரோவில், என் பெயர் போட்ட கவரில்.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை.
ஏழாம் அறை வெண்ணிலா ஒரு ராத்திரி
புருஷன் போன் வந்து கிளம்பிப் போனாள்,
பிள்ளையைத் தூக்கத்தோடு தோளில் போட்டுக்கொண்டு.
பலகையில் அவள் பெயரை யாரும் அழிக்கவில்லை.
மூன்று வாரம், ஏழரையிலிருந்து எட்டு பத்து வரை
ஒரு அடுப்பு எரியாமல் கிடந்தது.
பசியோடு பிள்ளைகள் நின்ற நாளிலும்
அதை யாரும் தொடவில்லை.

இன்று கொண்டலாம்பட்டி.
ஒற்றை அறை, ஆஸ்பெஸ்டாஸ், பொதுக் குழாய்.
வீட்டுக்காரர் பெயர் சரஸ்வதியம்மாள், ரசீதில் இருக்கிறது.
பால் காய்ச்சினேன். பொங்கிக்
கிழக்குப் பக்கம் வழிந்தது, நல்லதாம்.
சர்க்கரை போட்டு ஆற்றினேன், அடுப்பைத் துடைத்தேன்,
பாத்திரத்தை ஓரமாக ஒதுக்கினேன்,
வாசல் பக்கம் திரும்பி
ஆச்சு பானு, வா என்றேன்.

சின்னவள் எட்டிப் பார்த்தாள்.
யாருமில்லம்மா.
நீயே வெச்சுக்க.