அடித்த சொல்

நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிடம்.
செங்கல்நத்தம் ஏரிக்கரையில்
பச்சை லாரிகள் இரண்டு வந்து நின்றன.
கூட்டம் ஒரே மூச்சாய் மூச்சு விட்டது.
"மிலிட்டரி வந்தாச்சு,
இனி யாரையும் கேக்க வேணாம்" என்றார்
அரிசி ஆலை முனிரத்தினம்.
யாரையும் என்றது என்னைத்தான்.

நான் ஊத்தங்கரைத் தாசில்தார்.
முழங்கால்வரை சேறு,
பாலிதீன் பையில் ரப்பர் முத்திரை.
அதில் என் பெயருக்குக் கீழே
'நிர்வாகத்துறை நடுவர்' என்று ஒரு வரி உண்டு.
எத்தனையோ தாளில் குத்தியிருக்கிறேன்,
வாசித்துப் பார்த்ததில்லை.

குதித்து இறங்கியவன் கேப்டன் பெலியப்பா.
குடகுக்காரன், பெங்களூர்த் தமிழ்,
என் தம்பியைவிடச் சின்னவன்.
மேலூர்க்காரர்கள் மதகைத் திறக்கவிடாமல்
கம்போடு நிற்பதை
ஆளுக்கொரு வாயாக அவனிடம் சொன்னார்கள்.
"மேல பாத்து ரெண்டு சுடுங்க சார், ஓடிருவானுங்க."
அவன் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினான்.
"மேடம் எங்கே?" என்றான்.

எழுத்தில் வேண்டுமாம்.
ஜீப்பின் பானட்டில் புத்தகத்தை விரித்து
கார்பனைச் செருகினேன்.
தலையாரி சென்னப்பன் பிடித்த குடை
என்னை நனையவிட்டுத் தாளைக் காத்தது.
'நாற்பது வீரர்களைக் கொண்டு' என்று தொடங்கினேன்.
"எண்ணிக்கை எழுத வேணாம் மேடம்.
எத்தனை பேரு, எப்படி, அது என் பாடு.
எதுக்கு, அது உங்க பாடு."

தேர்வுக்காக நெட்டுருப் போட்ட சட்டம்தான்.
எனக்கு அது தேர்வோடு முடிந்திருந்தது.
அவனுக்கோ பல் துலக்குவது மாதிரி.
தன்னைக் கட்டிய கயிற்றின் முடிச்சு
அவனுக்குத் தெரிந்த அளவு
கயிற்றைப் பிடித்திருக்கும் எனக்குத் தெரியவில்லை.

'மதகில் கூடியுள்ள கூட்டத்தைக் கலைக்க'
என்று எழுதினேன்.
அவன் என் பேனாவையே பார்த்தான்.
"எழுதினா செய்வேன்.
முடிஞ்சவரை குறைஞ்ச பலம், குறைஞ்ச காயம்.
சட்டம் அப்படித்தான் சொல்லுது.
குறைஞ்சதுன்னா எவ்வளவுன்னு
இந்த இருட்டுல எனக்கும் தெரியாது."

மதகில் நிற்பவர்களில் பாதிப் பேரை நான் அறிவேன்.
திங்கள்கிழமை மனுவோடு வருகிறவர்கள்.
மாதம்மாள் பட்டாவுக்காக மூன்று முறை வந்துபோனாள்,
ஒவ்வொரு முறையும்
'பணிந்து' என்று எழுதிக் கொண்டுவருவாள்.
மதகைத் திறந்தால்
முதலில் போவது அவள் சோளம்.

அடித்தேன்.
பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.
'தாழ்வான நாற்பத்தொரு வீடுகளிலிருந்து
மக்களை வெளியேற்ற உதவ'
என்று கீழே நெருக்கி எழுதி
முத்திரை குத்தினேன்.
மை கொஞ்சம் ஓடியது.

படகுகள் இறங்கின.
நானும் சென்னப்பனும் மதகுக்கு நடந்தோம்.
"இதுக்கா மிலிட்டரி?"
முனிரத்தினத்தின் குரல் முதுகில் விழுந்தது.

அங்கே என்ன பேசினேன் என்று சொல்லத் தெரியவில்லை.
என் அதிகாரத்தில் இல்லாத நஷ்ட ஈட்டை
வாக்களித்திருக்கலாம்.
மாதம்மாள் ஏசியது மட்டும் அட்சரம் பிசகாமல் ஞாபகம்.
நாலரை மணிக்கு அவர்களே திருகைச் சுற்றினார்கள்.
சோளம் போயிற்று.
ஒரு கன்றும்.

நாலாம் நாள் நல்ல வெயில்.
பள்ளி மைதானத்தில் லாரிகள் அப்படியே நின்றன.
களியை மெல்லாமல் விழுங்க
ஜவான்களுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
"இன்னுமா போகலை?" என்றேன்.
"நீங்க எழுதலையே மேடம்."

வரச்சொல்லத் தெரிந்தவளுக்குப்
போகச்சொல்ல மறந்திருந்தது.
இரண்டு நாளாக
என் மறதிக்குக் காவல் நின்றிருக்கின்றன துப்பாக்கிகள்,
முணுமுணுக்காமல்.
கேட்டபோது எனக்கு வேர்த்தது.

விடுவிப்புக் கடிதம் மூன்றே வரி.
வாங்கிக்கொண்டு
அன்றிரவுத் தாளின் நகலும் கேட்டான்.
கிழித்துக் கொடுக்கும்போதுதான் கவனித்தேன்,
கார்பனில் அடித்த கோடு சரியாக விழவில்லை.
'கலைக்க' மட்டும் நீலமாய்,
யாரும் வாசிக்கும்படி.

அவனும் பார்த்தான்.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப்
பொத்தானைப் போட்டான்.