மைனஸ் மூன்று

நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன்:
வெள்ளை வேண்டாம். மோரின் நிறம்.
மேசைவிரிப்பு லினன், இஸ்திரி போடாதது.
கசங்கல் தெரியட்டும்.
அந்தக் கசங்கலையும் முந்தின நாள்
ஈரக் கையால் நானே கசக்குவேன்.

"எதுவும் யோசித்துச் செய்ததுபோல
இருக்கக் கூடாது" என்றாள் ஓம்பெலின்.
அதற்குத்தான் கூலி அதிகம் என்று
நான் சொல்லவில்லை.

இரண்டாம் பக்கம்: லைலாக்.
பித்தளை வாளிகளில், ஊதா கொஞ்சம், வெள்ளை நிறைய.
தண்டின் அடியைச் சுத்தியலால் நசுக்க வேண்டும்,
நசுக்காவிட்டால் தண்ணீர் குடிக்காது.
விஸ்டீரியாவுக்கு ஒன்றும் எழுதவில்லை.
சுண்ணாம்புக் கல் சுவர் முழுக்க
எண்பது வருடமாகத் தொங்குகிற கொடி அது.
அடியில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு
ஒதுங்கிக்கொண்டால் போதும்.

மூன்றாம் பக்கம்: வெளிச்சம்.
நூற்றிருபது தேன்மெழுகு வத்திகள்.
துர் நகரத்துப் பழம்பொருள் சந்தையில்
ஒவ்வொன்றாகப் பேரம் பேசி எடுத்த
வெள்ளித் தண்டுகள்,
ஒன்றின் உயரம் ஒன்றுக்குப் பொருந்தாமல்.

வெள்ளிக்கிழமை மாலை
மாப்பிள்ளையின் அப்பா கிஸ்லேன் வந்தார்.
மேசையைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.
மேகம் ஒரு துண்டு இல்லை, துடைத்து வைத்த தட்டு.
நாளைக்கும் இப்படியே இருக்கட்டும் என்றேன்.
"இன்று ராத்திரி மைனஸ் மூன்று" என்றார்.

ஏப்ரல் கடைசி. வூவ்ரேயின் சரிவுகளில்
திராட்சைக் கொடி அப்போதுதான்
நகக்கண் அளவு இலை விட்டிருந்தது.

இரண்டு மணிக்கு எல்லோரும் வயலில்.
ரப்பர் பூட்ஸில் மணப்பெண்,
தலை நிறைய கர்லர்.
காசியன் எரிவாயுக் குழலோடு
வரிசை வரிசையாகக் குனிந்து நிமிர்கிறான்.
லியோனிலிருந்து வந்த அத்தை மகள்கள்
விருந்துச் செருப்போடு சேற்றில்.
பெயின்ட் டப்பா போன்ற டின்கள், உள்ளே பாரஃபின்,
ஹெக்டேருக்கு நானூறு.
மூடியைத் திறந்துகொண்டே போனேன்.
விரல் மரத்து, எது மூடி எது விரல்
என்று தெரியாமல் போகும்வரை.

பள்ளத்திலிருந்து மேடுவரை தீப்புள்ளிகள்.
யாரோ "எவ்வளவு அழகு" என்றார்கள்.
யாரும் பதில் சொல்லவில்லை.

கீழ் வயலுக்கு டின் போதவில்லை.

விடிந்தபோது மேட்டு வயல் பச்சையாகவே இருந்தது.
கீழ் வயலில் இலைகள்
வேகவைத்த கீரைபோலச் சுருண்டிருந்தன.
தோட்டத்துக்கு ஓடினேன்.
சுவரில் விஸ்டீரியா,
தேநீர்க் கறையின் நிறம்.
அதன் அடியில் ஒரு டின் வைக்க
எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெட்டிவிடலாம் என்று ஏணி எடுத்தேன்.
சவரம் செய்யாத முகத்தோடு கிஸ்லேன்
ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.
பாதி எரிந்த டின் ஒன்றை எடுத்து
கொடியின் தூரில் வைத்தார்,
இனிமேல் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தே.
பிறகு இன்னொன்று.
ஏணியைச் சாத்திவிட்டு
நானும் எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

வெள்ளித் தண்டுகளைப் பெட்டியிலிருந்து பிரிக்கவே இல்லை.
மோர் நிற லினனில் ஆங்காங்கே கரி.
மேயர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு
நாலு மணிக்கு ஓம்பெலின் நடந்து வந்தாள்,
பிடரியில் ஒரு கட்டைவிரல் அகலம் புகைக்கறை.
படம் எடுப்பவர் கைக்குட்டை நீட்டினார்.
வேண்டாமென்று காசியன் தலையசைத்தான்.

இருட்டியதும் டின்களை மறுபடி ஏற்றினோம்.
கருகிய பூங்கொத்துகள் அந்த வெளிச்சத்தில்
பழைய தங்கம்போல இருந்தன என்றார்கள்.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
கருகிய பூவாகத்தான் தெரிந்தது.
கிஸ்லேன் கேரமல் உருண்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில்
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

ஜூனில், ஆன்ஜேயிலிருந்து ஒரு பெண்
படங்களைப் பார்த்துவிட்டு அழைத்தாள்.
அந்தக் கறுப்பு டின்கள்,
அந்தக் காய்ந்த கொடி,
அப்படியே வேண்டுமாம் அவளுக்கும்.
என்ன செலவாகும் என்று கேட்டாள்.

அரை ஹெக்டேர் என்றேன்.