நீலத்தில் அடிக்கட்டுமா

புன்டா அரேனாஸில் ஜூன் மாதம்
ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
தகரக் கூரையின் ஓரத்தைப் பிடித்து
கழன்று வருமா என்று ஆட்டிப் பார்க்கிறது காற்று.
கீழே நான். மாடியில் ரெமிஹியோ.
ஒரே வீடு, ஒரே வாசல், ஒரே வைஃபை.
தம்பி முகம்கொடுத்துப் பேசி நாலு மாதம்.

எனக்கு நாலு பக்கம் அச்சிட வேண்டும்.
என் பாதி வீட்டை விற்கும் ஒப்பந்தம்.
பிரிண்டர் அவன் அறையில்,
அவன் கணினியின் இடுப்பில் தொங்கும் வயரோடு.
கடைத்தெருவில் போய் அடிக்கலாம்தான்,
பனி உறைந்த சரிவில் வழுக்கி வழுக்கி இறங்கி,
பக்கத்துக்கு இருநூறு பெசோ அழுது.
வீட்டிலேயே ஒன்று இருக்கும்போது எதற்கு?
கஞ்சத்தனம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினி புதிது. அதற்கு இந்த வீட்டில் யாரையும் தெரியாது.
பிரிண்டரைச் சேர் என்றேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது,
எதுவும் கிடைக்கவில்லை என்றது.
தலைக்கு மேல், பலகைக்கு அந்தப் பக்கம்,
அவன் நாற்காலி உருளும் சத்தம் எனக்கே கேட்கிறது.
இதற்குக் கேட்கவில்லையாம்.

முகவரியைக் கையாலேயே தட்டினேன்:
சாய்கோடு இரண்டு, அவன் கணினியின் பெயர்,
சாய்கோடு ஒன்று, பென்குயின்.
கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக இருக்கிறதே என்று
பெட்டியைப் பிரித்த அன்று நான் வைத்த பெயர்.
மாற்றியிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

கடவுச்சொல் கேட்டது.

எரிவாயு பில்லின் முதுகில் எழுதி
ஏழாவது படியில் வைத்தேன்:
"பிரிண்டர் கடவுச்சொல்?"
எங்கள் தபால் நிலையம் அது.
உப்பு தீர்ந்தது, குழாய் உறைந்தது, உனக்கு வங்கிக் கடிதம்,
எல்லாம் அந்தப் படி வழியாகத்தான்.
அரைமணி கழித்து, அதே தாளில், கீழே:
"பழையதுதான்."

பழையது எது என்று நான் யோசிப்பதற்குள்
விரல்கள் அடித்து முடித்திருந்தன.

சோதனைப் பக்கம் அச்சிடவா என்றது.
சரி என்றேன்.
மேலே அது எழுந்து, சோம்பல் முறித்து,
ஒரு தாளை இழுத்தது.
நாற்காலி உருண்டது. நின்றது.

அந்தத் தைரியத்தில் நாலு பக்கத்தையும் அனுப்பிவிட்டேன்.
அனுப்பிய பிறகுதான் உறைத்தது,
இது அவன் கையில்தான் போய் விழும்.
ஒவ்வொரு பக்கமாக, எழுத்து தெரிகிற பக்கம் மேலாக.

வரிசையில் ஒன்று. காத்திருக்கிறது.
ரத்து என்ற சொல்லின் மேல் அம்புக்குறியை வைத்துக்கொண்டு
நானும்.
வரிசையில் ஒன்று.

கதவு திறந்தது.
"மிலென்கா,"
என் பெயர் அவன் குரலில் படியிறங்கி வந்தது,
"கறுப்பு மை இல்லை. நீலத்தில் அடிக்கட்டுமா?"

"ம்" என்றேன்.
நாள்பட்ட உருளையில் தாள் சிக்கியதுபோல் ஒரு ம்.

ஏழாவது படியில் நாலு தாள்.
ஈரம் காயவில்லை. கட்டைவிரல் பட்டு
"விற்பவர்" என்ற சொல் கொஞ்சம் இழுபட்டது.
மூன்றாம் பக்கத்தில் எங்கள் குடும்பப்பெயரில்
வக்கீல் கவனிக்காத, நானும் கவனிக்காத
விடுபட்ட ஓர் எழுத்தை
பென்சிலால் செருகியிருந்தான்.
வேறொன்றும் எழுதவில்லை.
ஓரத்திலும் இல்லை, பின்பக்கத்திலும் இல்லை.
எல்லாத் தாளையும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

திருத்தி மறுபடி அடிக்க வேண்டும்.
நோட்டரிக்கு நீலம் ஆகாது.
மை வாங்க யாராவது காலையில் அந்தச் சரிவில் இறங்க வேண்டும்.
எரிவாயு பில்லில் இன்னும் இரண்டு விரற்கடை இடமிருந்தது.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்,
கூரை சத்தம் அடங்கிய ஒரு நொடி பார்த்து
மாடியை நோக்கிக் கத்தினேன்:
"டேய், மை எந்த நம்பர்?"