பாக்கெட்டுக்குத் தடைக்காலம்

மண்டபம் நண்டுக் கம்பெனியில்
எடை போடுகிறவள் நான்.
கிராம் கூடினால் காசு கூடும்.
அதே கண்ணால்தான்
ஜெர்வினையும் பார்த்து வந்திருக்கிறேன்.

"கொழுகொழுன்னு இருக்கான், கண்ணு படும்"
என்பார்கள் தெருவில்.
நானும் கன்னத்தில் மை வைத்தேன்.

அங்கன்வாடியில் ரெக்ஸலின் டீச்சர்
வளர்ச்சி அட்டையை விரித்தாள்.
கீழே இறங்கிய பிள்ளைகளையே
தேடித் தேடிப் பழகின விரல்
மேல்கோட்டைத் தாண்டிய புள்ளியில்
கொஞ்ச நேரம் நின்றது.
"நாலு வயசு, இருபத்துமூணு கிலோ.
ஓடச் சொன்னா உக்காந்துக்கிறான்க்கா.
சாயங்காலம் என்ன சாப்பிடுவான்?"

பதில் வரவில்லை.
சாயங்காலம் நான் தராசில் இருப்பேன்.
அவன் போனில் இருப்பான்,
வாய் அதன்பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கும்.

டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போனால்
திரும்பும்போது அவன் அப்பா
தோளில் ஒரு சரம் பாக்கெட் போட்டு வருவார்.
பாடு இல்லாத நாளில் இரண்டு சரம்.
தின்பண்டமா அது?
நீ தூங்கும்போது போய்விட்டேன் என்கிற மன்னிப்பு.
மன்னிப்பை எப்படிப் பிடுங்கி எறிவது?

சித்திரை பிறந்தது.
விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன,
அறுபத்தோரு நாள்,
மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று.
"அப்ப இதுக்கும் தடைக்காலம்" என்றேன்,
ஆணியிலிருந்து சரத்தைக் கழற்றி.
அவர் சிரித்தார்.
ஜெர்வின் அழுதான்.
மூன்று நாள்.
பக்கத்து வீட்டு செர்லின் வந்து
பிள்ளையை அடிச்சியா என்று கேட்கிற அளவுக்கு.

நான்காம் நாள் காலை
வண்டியை எடுக்காமல்
அவனை நடத்தியே கூட்டிப் போனார்.
மதியம் திரும்பும்போது கடற்கரை வழி.
பழைய மிதவையை யார் தூரம் உருட்டுவது,
நண்டு வளையை யார் முதலில் பார்ப்பது.
முட்டி எல்லாம் மணலோடு
மூச்சிரைக்க வந்து நின்றவன்
தட்டில் கிடந்த சூடைமீனைக் காட்டி
"எனக்கு" என்றான்.
போன் எங்கே என்று கேட்கவில்லை.
(மறுநாள் கேட்டான். அதையும் சொல்ல வேண்டும்.)

ஆனியில் மறுபடி எடை.
முள் அதே இருபத்துமூன்றில்.
எனக்கு முகம் சுருங்கியது.
"இறங்கவே இல்லையே டீச்சர்?"
"இறங்க வேணாம்க்கா, நிக்கட்டும்.
அவன் வளரட்டும்."
சுவரோரம் நிறுத்தி அளந்தாள்.
போன கோட்டுக்கு மேலே
ஒரு விரல் அகலம்.

நாளை படகு இறங்குகிறது.
ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தவரிடம்
சொல்லிவிட்டேன்:
வரும்போது வெறுங்கையோடு வாங்க.
போகும்போது
அவனை எழுப்பிட்டுப் போங்க.