பி பக்கம்

தீர்ப்பு வந்த மறுநாள்
ஜுனைதீன் காக்கா காசு கொண்டுவரவில்லை.
இரண்டு பாரை மீன்,
வாழைநாரால் கட்டிய ஒரு சப்பாத்துப் பெட்டி.
"மிச்சக் கட்டணம், புள்ள" என்றார்.
மீனை குமாஸ்தா எடுத்துக்கொண்டார்.

மத்திய வீதியில் ஆறரைப் பேர்ச் நிலம்.
பதினொரு வருடம், நான்கு நீதிபதிகள்.
உறுதி எரிந்துபோனது.
நொத்தாரிசின் பிரதி கிடைக்கும் வரை
காணிப் பதிவகத்தின் தூசியில்
நான் போட்ட தும்மலுக்குக் கணக்கில்லை.

சட்டம் படித்து என்னடி கண்டாய்
என்று உவர்மலையிலிருந்து அக்கா கேட்பாள்,
அவள் வீட்டுக்கு மாபிள் பதித்த வருடத்திலிருந்து.
நான் கண்டது:
மூதூர்ப் பெண் ஒருத்தி
தீர்ப்பில் தன் பெயர் எங்கே என்று கேட்டு
அந்த இடத்தில் விரலை வைத்து
எடுக்காமலே நின்றது.
நான் பிணை எடுத்துக் கொடுத்த பொடியன்
இன்றும் என் படலையைக் கடக்கையில்
ஓட்டோவின் ஹோர்னை இரண்டு தரம் அமத்துவது.
பொய் சொல்வானேன்,
எதிர்ச்சாட்சி வாயடைத்து நின்ற
மூன்று விநாடிகளும்தான்.
அந்த ருசிக்கு நிகராய்
எந்தப் பாரையும் பொரிந்ததில்லை.

பெட்டிக்குள் பத்தொன்பது கசெற்றுகள்.
எடுக்க வராதவை.
அந்த ஆறரைப் பேர்ச்சில் ஒருகாலம்
அவரது றெக்கோடிங் பார் இருந்தது.
பாட்டுகளின் பெயரைத் தாளில் எழுதி
பதினைந்து ரூபாயோடு கொடுத்தால்
வெள்ளிக்கிழமை வாங்கலாம்.
கண்ணாடியில் ஒட்டிய நடிகர்களின் நிழலில்
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகள் வரிசையில் நிற்கும்.
என் பௌதிகவியல் கொப்பியின் உள்ளட்டையிலும்
அவர்களில் ஒருவர் சிரித்தார்.
முன்மயிரை நானே கத்தரித்து
அம்மாவிடம் அடி வாங்கியதும் அவருக்காகத்தான்.
வானொலிக்குப் போட்ட தபாலட்டையில்
எங்கள் பெயரைப் பிழையாக வாசித்தார்கள்.
அதையே ஒரு கிழமை
ஒருவரையொருவர் கூப்பிட்டுத் திரிந்தோம்,
நானும் பிலோமினாவும்.

பதினான்காவது கசெற்றின் மேல்
என் கையெழுத்து.
ஏ பக்கம்: வதனி. பி பக்கம்: பிலோ.
ஏழரை ரூபாய் என்னுடையது,
ஏழரை ரூபாய் அவளுடையது.
1990, ஜூன், முதலாவது வெள்ளிக்கு முன் கொடுத்தது.
"கடை போச்சு, டெக் போச்சு.
இதக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய் வெச்சிருந்தன்.
ஆக்கள் கேட்டு வருவாங்க எண்டு நெனச்சன்."

என் பழைய காரில் மட்டும்தான்
கசெற் போடும் வாய் இன்னும் இருக்கிறது.
டச்சு பேயில் நிறுத்தி, பென்சிலால் நாடாவை இறுக்கி,
போட்டேன்.
ஒரு மான் வந்து
பின்சீற்றில் கிடந்த வழக்குக் கோப்பை முகர்ந்தது.

பதினாறு வயதில் நான் யார் என்பதற்கு
இதைவிட முதனிலைச் சான்று கிடையாது.
சான்று சாதகமாக இல்லை.
மூன்று பாட்டுகள் கேட்கவே கூச்சம்.
ஒரே பாட்டு இரண்டாவதாகவும் ஆறாவதாகவும் வருகிறது.
குறுக்கு விசாரணை செய்தேன்:
ஏன் இரண்டு தரம் எழுதினாய்?
சாட்சி வாயடைத்து நின்றாள்.
இந்த முறை எனக்கு ருசிக்கவில்லை.
ஆறாவதை இன்னொரு தரம் சுற்றிக் கேட்டேன்,
ஒவ்வொரு சொல்லுக்கும் உதடு முந்திக்கொண்டது.

ஏழாவது பாட்டின் பாதியில் அறுந்தது.
அன்று மின்சாரம் போயிருக்கலாம்,
காக்கா கடையைச் சாத்தியிருக்கலாம்.
பிறகு இரைச்சல்,
மழை பிடிக்காத கூரையில் மழை பெய்வதுபோல.

பி பக்கம் முழுக்க வெறும் நாடா.
அதன் சொந்தக்காரியை
ஆசுப்பத்திரி வீதியிலும் அகதிப் பதிவேடுகளிலும்
என் தொழில் தந்த வழிகள் அத்தனையிலும்
முன்பே தேடியிருக்கிறேன்.
பிஸ்கால் எழுதி அனுப்பும் அதே வரி:
முகவரியில் ஆள் இல்லை.

காணி என்றால் பங்கு பிரித்து
கல் நட்டிருப்பேன்.
முப்பது நிமிட இரைச்சலை
எந்த நீதிமன்றில் தாக்கல் செய்வது?

வழக்குப் புத்தகத்தில் கட்டணத்துக்கு நேரே
'முழுதும் கிடைத்தது' என்று எழுதி,
முழுதும் என்பதை வெட்டினேன்.
மீன் வாசம் கதிரையில் இன்னும் இருந்தது.
அடுத்த கட்சிக்காரர்
கதவைத் தட்டினார்.